உபதேசியார் கொன்ற தாராக்குஞ்சு

சாகாத ஒரு தாராக்குஞ்சைச் செத்துப்போனதாகச் சபைக்கு முன்னால் சொன்னவர் நீர்தான். பொம்மைப் படத்தில் வந்த குஞ்சுதானே, அதற்கு இப்போது என்ன என்று கேட்பீர். அந்தக் குஞ்சோடு என் படிப்பும் முங்கிப்போக இருந்தது. அதனால் கேட்கிறேன்.

அப்போது நீர் எங்கள் சபையில் உபதேசியார். பிறகு போதகராகி, ஓய்வும் பெற்று, இப்போது சபையின் விழா மலரில் பழைய நினைவுகள் எழுதுகிறீர். எங்கள் ஊருக்கு முதன்முதலாகப் பொம்மைப் படம் வந்ததையும், அதற்கு நீர் தமிழில் விளக்கம் சொன்னதையும், அதைக் கேட்டுப் பல பெண்பிள்ளைகள் தாய்க்கு அடங்கி நடந்ததையும் எழுதியிருக்கிறீர். அந்தப் பல பெண்பிள்ளைகளில் நான் ஒருத்தி. நான் அடங்கவில்லை. என் அம்மா அடக்கவும் இல்லை. மலரை வாசித்த அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். தாரா என்றால் வாத்து. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். தக்கலையிலிருந்து மண்டைக்காட்டுக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். அப்பாவுக்குத் தக்கலையில் கருப்பட்டிக் கடை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பெல்லாம் நான் படித்து முடித்துவிட்டேன். அதற்கு மேல் படிக்க நாகர்கோவிலுக்குத்தான் போகவேண்டும். அங்கே விடுதியில் தங்கவேண்டும். அப்பாவுக்குப் பாதி மனசு. அம்மாவுக்குக் கால் மனசுகூட இல்லை. நான் போய்விட்டால் தண்ணீர் கோர யார், முற்றம் பெருக்க யார், தான் ஏசுவதைக் கேட்க யார் என்று அவள் கேட்டாள். கடைசிக் கேள்விதான் அவளுக்கு முக்கியம்.

எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது. விடிந்தால் சண்டை. சண்டைக்குக் காரணம் வேண்டும் என்ற கட்டாயம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது.

அந்த நிலைமையில்தான் ஊர் ஊராகப் படம் காட்டுகிற மிஷன் வண்டி வந்தது. சினிமா பாவம் என்று நீர் வாராவாரம் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தீர். ஆனால் இது மிஷன் படம், மனிதர்களே இல்லாத படம், வரைந்த பொம்மைகள் ஆடுகிற படம், அதனால் பாவமில்லை என்று அறிவிப்பு வாசித்தீர். சபை முழுவதும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. சபைக் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மைதானத்திலும் அப்படியே இருக்கவேண்டும் என்று மூப்பர்கள் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் மூளையைப் போட்டுக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நடுவில் இரண்டு தென்னைகளுக்கு இடையே வெள்ளைத் துணியைக் கட்டி, முன்னால் ஆண்களையும் பின்னால் பெண்களையும் உட்காரவைத்தார்கள். துணிக்கு இரண்டு பக்கமும் படம் தெரியுமே, பிறகு என்ன என்றார்கள்.

இரைகிற எஞ்சின் வண்டியை ஆண்கள் பக்கம் நிறுத்தினால் உம்முடைய விளக்கம் கேட்காது. அதனால் படம் காட்டுகிற கருவியை மட்டும் ஆண்கள் பக்கம் வைத்து, வண்டியைப் பெண்கள் பக்கம் நிறுத்தினார்கள்.

ஆகவே ஆண்களுக்குப் படமும் உம்முடைய கதையும் கிடைத்தன. எங்களுக்குப் படமும் எஞ்சினும் கிடைத்தன. படம் இங்கிலீஷில் பேசியது. அது பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன, எங்களுக்கு எஞ்சின்தான் பேசியது.

கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேன் என்று அம்மா என் பின்னலை முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். படம் தொடங்கியது. ஒரு குளம், ஒரு தள்ளைத் தாரா, அதாவது தாய்த் தாரா, அதற்கு ஒரே ஒரு பெண்குஞ்சு. குஞ்சின் கழுத்தில் புள்ளி போட்ட நாடா. குஞ்சு அக்கரையைப் பார்த்துப் பார்த்து நின்றது. அங்கே போகவேண்டும் என்று தள்ளையிடம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது. தள்ளை ஒரு கயிற்றை எடுத்து அதன் காலைக் கரையிலிருந்த ஒரு கட்டையில் கட்டிப்போட்டது.

அம்மாவுக்குத் தள்ளையைப் பார்த்ததிலிருந்து பிடிக்கவில்லை.

"ஏட்டி, அவளப் பாத்தியா? விடிஞ்சதிலேருந்து சிறகக் கோதிட்டு நிக்கா. ஒரு அடுப்பு பத்த வைக்காண்டாமா?" என்றாள்.

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் என்றார்கள். ஒருத்தி, குஞ்சுக்கு நாடா கட்ட நேரமிருக்கிறது, ஒரு வாய் ஊட்ட நேரமில்லை என்றாள். இன்னொருத்தி, அதற்குப் புருஷன் எங்கே என்று கேட்டாள். படம் முடியும்வரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை. குஞ்சு கயிற்றைக் கொத்திக் கொத்தி அறுத்தது. அம்மா என் பின்னலை ஒரு இழுப்பு இழுத்தாள். குஞ்சு திரும்பிப் பார்க்காமல் ஓடியது. இன்னொரு இழுப்பு. அன்றைக்கு அந்தக் குஞ்சு செய்த சேட்டைக்கெல்லாம் என் மண்டைதான் பதில் சொல்லிற்று.

குஞ்சு தண்ணீரில் குதித்து முங்கியது. குமிழி வந்தது. அதோடு முதல் ரீல் முடிந்துவிட்டது. அடுத்த ரீலை மாட்ட நேரமாயிற்று. இந்த இடைவெளியில்தான் நீர் அந்தக் கொலையைச் செய்தீர். நீர் அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்து என்ன வரும் என்று உமக்குத் தெரியாது. வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண் முன்னால் கூட்டம், கையில் ஒலிபெருக்கிக் குழல். சும்மா இருப்பீரா? தாயை மீறிய மகள் இடப்பக்கமாகப் போனாள், வேதத்தில் இடப்பக்கம் சபிக்கப்பட்ட வெள்ளாடுகளின் பக்கம், ஆகவே ஆழத்திலே மாண்டாள் என்று சொல்லிவிட்டீர். ஆண்கள் பக்கம் சிலர் மூக்கைச் சிந்தினார்கள் என்று அப்பா சொன்னார். அவரும் சிந்தியிருப்பார்.

அடுத்த ரீல் ஓடியது. குஞ்சு அக்கரையில் ஜம்மென்று எழும்பி வந்தது.

இந்த இடத்தில் யோக்கியமான மனிதர் என்றால், மன்னிக்கவேண்டும் சபையாரே, அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லியிருப்பார். நீர் என்ன சொன்னீர்? இது இளைய மகள், தாய்க்குக் கீழ்ப்படிந்தவள் என்றீர். அதற்குப் பிறகு படம் முழுவதும் இந்த இல்லாத இளைய மகளை வைத்தே சமாளித்தீர். கடைசியில் புயல் அடித்து, தள்ளை மகளைத் தேடிக் குளத்தில் இறங்கி, நடுக்குளத்தில் இரண்டும் சந்தித்துக் கட்டிப்பிடித்து அழுதன. மகளை அக்கரைக்குத் தானே கூட்டிக்கொண்டு போயிற்று அந்தத் தள்ளை. கீழ்ப்படிந்த மகளுக்குக் கிடைத்த பரிசு இது என்று நீர் முடித்தீர்.

துணிக்குப் பின்னால் எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா அந்தக் கட்டிப்பிடிப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இவ்வளவு நேரம் தேடி வந்தவ ஒரு அடி அடிக்காண்டாமா? அடிக்காத தள்ளை என்ன தள்ளை?"

இதை இங்கே சொல்லவேண்டும். இப்போது குடும்பத்தோடு பார்க்கிற பொம்மைப் படம் என்று எத்தனையோ வருகின்றன. என் மகள் போட்டுக் காட்டினாள், உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று, தாய் படம் தொடங்கும்போதே செத்துப்போகிறாள். செத்தால்தான் மகளுக்கு ஊர் சுற்ற முடியும். இல்லாவிட்டால் தாயும் மகளும் முதலில் கத்துகிறார்கள், நடுவில் மகள் ஓடுகிறாள், கடைசியில் கட்டிப்பிடித்து, எனக்கு இப்போது புரிகிறது என்று மாறி மாறிச் சொல்லி அழுகிறார்கள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. என் அம்மா என்னை ஒருநாளும் கட்டிப்பிடித்ததில்லை. எனக்கு இப்போது புரிகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், என்ன புரிந்தது, விளக்கிச் சொல்லு என்று அடுத்த சண்டை தொடங்கியிருக்கும். இதை மகளிடம் சொன்னேன். அம்மா, நீங்கள் படம் பார்க்க வராதீர்கள் என்றாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா சொல்லிவிட்டார். நாகர்கோவிலும் வேண்டாம், விடுதியும் வேண்டாம்.

"தள்ளைக்க பேச்சக் கேக்காம போனவளுக்க கதி நேத்து கண்டாச்சு. முங்கிச் செத்தா."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "யாரு செத்தா?"

"அந்தக் குஞ்சு."

"எந்தக் குஞ்சு? நாடா கெட்டினவளா? அவதானே அக்கரையில எழும்பி வந்தா."

அது இளையவள் என்றார் அப்பா. இளையவள் எங்கிருந்து வந்தாள் என்றாள் அம்மா. இளையவளை யார் பெற்றது, எப்போது பெற்றது, முட்டையில் கிடந்தாளா, அடைகாத்தது யார் என்று வரிசையாகக் கேட்டாள். அப்பா பொறுமைசாலி. உபதேசியார் சொன்னார் என்பது ஒன்றே அவருடைய பதில். பிறகு, மூத்தவள் இடப்பக்கமாகப் போனபோதே தனக்குத் தெரிந்துவிட்டது என்றும் சொன்னார்.

"இடப்பக்கமா? வலப்பக்கமாட்டுல்லா போனா. எனக்க ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நானும் ரெண்டு கண்ணாலத்தான் பாத்தேன்."

நான் எழுந்துபோய் அம்மாவின் மெல்லிய முண்டுத் துணியை எடுத்து, விளக்கைக் கொளுத்தி அதற்கு முன்னால் பிடித்து, கைவிரலை ஆட்டி, இந்தப் பக்கம் இடது என்றால் அந்தப் பக்கம் வலது என்று காட்டினேன். பகலில் எண்ணெயைக் கரியாக்குகிறாயா என்று அம்மா ஒன்று வைத்தாள். பெரியவர்கள் பேசும்போது நடுவில் வருகிறாயா என்று அப்பா ஒன்று வைத்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

ஆனால் அதற்குள் அம்மா மாறிவிட்டாள். நேற்றுவரை என்னை அனுப்பக்கூடாது என்றவள். இன்றைக்கு, குஞ்சு சாகவில்லை என்று நிரூபிக்கவேண்டுமானால் போனவள் திரும்பி வருவாள் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லிவிட்டாள்.

"அவ போனா, வந்தா. இவளும் போவா, வருவா. நீங்க பெட்டி வாங்குங்க."

அப்பா யோசித்தார். அவர் வாக்கு மாறாத ஆள். கடையில்கூட சொன்ன விலை சொன்னதுதான். உபதேசியார் சபைக்கு முன்னால் நின்று, நான் சொன்னது தப்பு, குஞ்சு சாகவில்லை என்று சொல்லட்டும். அந்த நிமிஷமே நான் சரி என்பேன் என்றார். அதுவரை சரி என்கிற வார்த்தை என் வாயிலிருந்து வராது என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் மிஷன் வண்டி மண்டைக்காட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த இன்னொரு சபையில் அதே படத்தைக் காட்டுவதாக இருந்தது. விளக்கத்துக்கு நீர்தான். அம்மா என்னையும் அப்பாவையும் நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள். வழி முழுவதும் என் பின்னல் அவள் கையில். அங்கேயும் அதே மாதிரி துணி கட்டி, ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பெண்கள் எல்லாரும் துணிக்குப் பின்னால் போனார்கள். அம்மா போகவில்லை. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில், உம்முடைய காலடியில், என்னை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மூப்பர் வந்து, அம்மா, உங்கள் இடம் அந்தப் பக்கம் என்றார். அந்தப் பக்கம் எஞ்சின் இரைகிறது, எனக்கு உபதேசியாரின் விளக்கம் கேட்கவேண்டும் என்றாள். விளக்கம் கேட்க வந்தவளை விரட்ட மூப்பருக்கு வழி தெரியவில்லை. அப்பா மூன்று வரிசை தள்ளிப் போய், எங்களைத் தெரியாதவர்போல உட்கார்ந்துகொண்டார்.

நீர் அம்மாவைப் பார்த்தீர். பார்க்கவில்லை என்று சொல்லாதீர்.

முதல் ரீல் முடிந்தது. குஞ்சு முங்கியது, குமிழி வந்தது. தாய் சொல்லைக் கேளாத அந்த மகள் ஆழத்திலே மாண்டாள் என்று நீர் தொடங்கினீர். முந்தின நாள் முழுப் படத்தையும் பார்த்த பிறகும் அதையே சொன்னீர். அதுதான் எனக்கு ஆத்திரம். முதல் நாள் சொன்னது அவசரம். இரண்டாம் நாள் சொன்னது பொய்.

அம்மா எழுந்தாள். "உபதேசியாரே, ஒரு சம்சயம்."

"படம் முடிஞ்ச பொறவு கேளுங்கம்மா."

"முடிஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போவினும். இப்பச் சொல்லுங்க. தாரா எப்பிடித் தண்ணியில முங்கிச் சாவும்?"

 அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வயல்காரர்கள். அறுப்பு முடிந்த வயலில் தாராக்கூட்டம் மேய்வதை வருஷாவருஷம் பார்க்கிறவர்கள். முந்தின நாள் எங்கள் ஊரில் இதே மாதிரி ஆட்கள் இதே கதையைக் கேட்டு மூக்கைச் சிந்தினார்கள். நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நீர் தொண்டையைச் செருமினீர். "அது சீமைத் தாரா, அம்மா" என்றீர்.

சிரிப்பு எழும்பியது. அதற்குள் இரண்டாம் ரீல் ஓடத் தொடங்கிவிட்டது. குஞ்சு அக்கரையில் எழும்பி வந்தது. அம்மா உட்காரவே இல்லை. துணியில் அவள் தலை நிழல் குளத்துக்கு நடுவில் ஒரு தீவுபோல நின்றது.

"அப்பம் இவ யாரு?"

"இளைய மகள்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாடாவா?"

பின்னாலிருந்து ஒரு ஆள் உமக்காகப் பேச வந்தார். மூத்தவ செத்தா அவளுக்க நாடா இளையவளுக்குத்தானே என்றார். நியாயம்தான் என்று இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. உம்மைப் பார்த்தே சொன்னாள்.

"நாடா அவளுக்க கழுத்தோட தண்ணிக்குள்ளல்லா போச்சு. முங்கி எடுத்துக் கொடுத்தது யாரு, உபதேசியாரே? நீங்களா?"

துணிக்குப் பின்னாலிருந்த பெண்கள் எஞ்சின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். அதுவரை கேட்காத அவர்களுக்கு அது மட்டும் எப்படிக் கேட்டது என்று தெரியாது. நீர் வாயைத் திறந்தீர். அந்த நொடியில் எஞ்சின் நின்றது. வெளிச்சம் போயிற்று, படம் போயிற்று. வண்டிக்காரர் போய் என்னவோ தட்டினார், ஊதினார், நடக்கவில்லை. நாம் ஜெபத்தோடு முடிப்போம் என்று இருட்டிலிருந்து உம்முடைய குரல் வந்தது. நீண்ட ஜெபம். எல்லாரும் கண்ணை மூடினோம். அம்மாவும் மூடினாள், அதுதான் அவள் செய்த தப்பு. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது நீர் அங்கே இல்லை.

திரும்பி நடக்கும்போது, அவர் பதில் சொல்லவில்லையே, இனியாவது சரி என்று சொல்லுங்கள் என்று அம்மா கேட்டாள். அவர் சொல்ல வாயெடுத்தார், எஞ்சின் நின்றுவிட்டது, பதில் வரட்டும் என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீர் அறிவிப்பு வாசித்தீர். கல்யாண அறிவிப்பு, கூட்ட அறிவிப்பு, காணாமல்போன ஒரு குடை அறிவிப்பு எல்லாம் இருந்தது. குஞ்சைப் பற்றி ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் உமக்கு வேறு சபைக்கு மாற்றல் வந்தது. தக்கலைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் அப்பா உம்மிடம் கேட்டார். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நீர் மரச்சீனிக்கிழங்கு வாங்கப் போனீர்.

பள்ளிக்கூடம் திறந்தது. அம்மா தன் பழைய தகரப்பெட்டியைத் துடைத்து, என் துணிகளை அடுக்கி, என்னை பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினாள். அப்பா தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நாகர்கோவில் போகும்வரை அம்மா என்னை ஏசினாள். நான் ஏறியதும் தப்பு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் தப்பு. நீதானே அனுப்புகிறாய் என்று கேட்டேன்.

"நான் உன்ன அனுப்பல்ல. அந்தக் குஞ்சு செத்துப்போச்சுன்னு ஊருல பேச்சு இருந்தா எனக்குச் சோறு இறங்காது. அதுக்குத்தான்."

விடுதி வாசல்வரை பின்னலைப் பிடித்திருந்தாள். வாசலில் விட்டாள். கையில் சுற்றியிருந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"முங்கினா அங்ஙனயே கிடக்காதே, கேட்டியா. எழும்பி வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். முத்தமும் இல்லை, கட்டிப்பிடிப்பும் இல்லை. பெட்டியை உள்ளே தூக்கி வைக்கக்கூட நிற்கவில்லை. அவளுக்கு பஸ் போய்விடுமாம்.

நான் முங்கினேன், எழும்பினேன். கணக்கில் இரண்டு முறை முங்கினேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து அம்மாவோடு சண்டை போட்டேன். விடுமுறை முடிந்து திரும்பும்போதெல்லாம் அப்பா தற்செயலாகத் தக்கலை பஸ் நிறுத்தத்தில் நிற்பார். கையில் தற்செயலாகக் கருப்பட்டிப் பொட்டலம் இருக்கும். பஸ்ஸுக்குள் அதை நீட்டிவிட்டு, நான் இன்னும் சரி சொல்லவில்லை, தெரியுமா என்பார். பள்ளிப் படிப்பை முடித்து நான் வந்தபோது எங்கள் ஜில்லாவே சென்னை ராஜ்யத்துக்குக் கை மாறியிருந்தது. அவ்வளவு பெரிய காரியம் நடந்தது. அப்பாவின் அனுமதி மட்டும் வரவில்லை. நான் வாத்தியாரம்மா ஆனேன். முதல் நாள் வேலைக்குப் புறப்பட்டபோதும் அதையே சொன்னார். சொன்ன சொல்லை மாற்றாமலேயே செத்துப்போனார். அம்மா அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பிடிவாதக்காரர் என்று ஏசி அழுதாள்.

இப்போது அம்மாவும் இல்லை. நீர் மட்டும் இருக்கிறீர். கண்ணும் நன்றாகத் தெரிகிறது, நாக்கும் நன்றாகப் புரள்கிறது, மலரிலும் எழுதுகிறீர். என் படிப்புக்கு என் அப்பா கொடுக்கவேண்டிய சம்மதம் உம்முடைய வாயில் சிக்கிக் கிடக்கிறது. அவர் வைத்த நிபந்தனையை நிறைவேற்ற இனி உம்மைத் தவிர ஆள் கிடையாது.

வருகிற அறுப்பின் பண்டிகைக்கு நீர் எங்கள் சபைக்கு வருகிறீர் என்று அறிவித்திருக்கிறார்கள். காணிக்கைக் காய்கறி ஏலம் தொடங்குவதற்கு முன்னால், ஊர் முழுவதும் கூடி நிற்கும்போது, ஒலிபெருக்கியில் சொல்லும். அந்தக் குஞ்சு செத்ததா, சாகவில்லையா? இளைய மகள் என்று ஒருத்தி அந்தப் படத்தில் உண்டா, இல்லையா? நான் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று நினைக்கவேண்டாம். முதலில் பதில், பிறகு ஜெபம். நான் கண்ணை மூடமாட்டேன்.